வாள் வாங்கும் முன்

அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்கப் புகுந்த ஔவையார், ஒரு தச்சனின் கைத்திறத்தை உவமையாகக் கொண்டார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒரே ஒரு தேர்க்காலைப் போன்றவன் எம் தலைவன் என்றார். புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் வரும் இவ்வுவமை, விரைவு ஒரு திறம் என்பதையும், விரையாமல் செய்வது அதனினும் பெரிய திறம் என்பதையும் ஒருங்கே உணர்த்துகிறது. மின்விசைக் கருவிகள் மலிந்துவிட்ட இந்நாளில் அவ்விரண்டையும் ஒரே கையில் எப்படி வைத்துக்கொள்வது என்பதே தொழிலாளர் முன் நிற்கும் கேள்வி.

சென்ற திங்கள் கூட்டம் முடிந்து யாம் வெளியே வரும்பொழுது, தந்தையும் மகனுமாக இருவர் எமக்காகக் காத்திருந்தனர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி வந்து, ஸ்ரீராமபுரத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் தச்சுக் குடும்பத்தினர். மகன் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு விளக்கத்தாள் இருந்தது.

“ஐயா, பையன் இந்த வாளைத்தான் வாங்கவேண்டும் என்கிறான். ஏலச்சீட்டு எடுத்த பணம் வீட்டில் இருக்கிறது. ஆனால் அது சின்னவளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று ஒதுக்கிய பணம். இந்த வாள் அந்தப் பணத்தை உழைத்துத் திருப்பிக் கொடுக்குமா, கொடுக்காதா? அதை மட்டும் படித்துச் சொல்லுங்கள்” என்றார் தந்தை.

தாளை நீட்டிய அவரது இடக்கையில் ஆட்காட்டி விரல் பாதியே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன், கல் அறுக்கும் ‘மார்பிள் கட்டரில்’ மரவாள் வட்டை மாட்டிப் பலகை அறுத்தபோது நேர்ந்த இழப்பு அது. பணத்தைப் பற்றிய கேள்விக்குப் பின்னால் விரலைப் பற்றிய கேள்வி ஒன்றும் இருப்பதை யாம் அப்பொழுதே உணர்ந்தோம். இரண்டுக்கும் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. மரத்தொழில் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. அவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

கருவி எத்தகையது?

கடைக்காரர்கள் இதனை ‘ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் சா’ என்பர். நாம் சறுக்குக் கோணவாள் எனலாம். கன்னட நண்பர்களிடம் ‘கரகச’ என்றால் வாள் என்று விளங்கும். ஆயினும் கடையில் எல்லா மொழியினரும் ‘மைட்டர்’ என்றே கேட்கின்றனர்.

சட்டத்தின் மூலையை 45 பாகையில் அறுக்க, பக்கங்களில் வெட்டுவாய் கீறிய மரப்பெட்டி ஒன்றை நம் தச்சர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். கைவாளை அவ்வெட்டுவாயில் விட்டு இழுத்தால் கோணம் பிசகாது. அப்பெட்டிக்கு மின்விசை ஊட்டிய கருவியை 1964-இல் அமெரிக்க நாட்டு ராக்வெல் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, ரேமண்ட் டிவால்ட் என்பவர் தலைக்கு மேலுள்ள கரத்தில் முன்னும் பின்னும் ஓடும் வட்டவாளை உருவாக்கியிருந்தார். இவ்விரண்டு கருத்துகளும் கூடியதே சறுக்குக் கோணவாள். வட்டு கீழே இறங்கும், இடமும் வலமும் திரும்பும், பக்கவாட்டில் சாயும், தண்டவாளம் போன்ற குழல்களின் மேல் முன்னும் பின்னும் சறுக்கும். சறுக்குவதால் அகலமான பலகையும் ஒரே மூச்சில் அறுபடும்.

இக்கருவியால் ஆகாதது எது என்பதையும் சேர்த்தே அறிதல் வேண்டும். இது குறுக்கே அறுக்கும் கருவி. பலகையை நீளவாக்கில் கிழிக்க இதனால் இயலாது; எட்டடிக்கு நாலடிப் பிளைவுட்டைப் பெட்டியாக்கவும் இயலாது. அதற்கு மேசைவாளோ, வழிகாட்டிச் சட்டத்துடன் கூடிய கைவட்டவாளோ வேண்டும். இதனை அறியாமல் வாங்கிவிட்டு மனம் நொந்தவர் உண்டு.

குறிப்பேடே வழிகாட்டி

‘எந்த வாள் சிறந்தது?’ என்று கேட்பதற்கு முன், ‘நம் வேலை எது?’ என்று கேட்க வேண்டும். மகன் முறையாகக் கணக்கு எழுதுபவர். அவருடைய மூன்று மாதக் குறிப்பேட்டை வரவழைத்து மூவரும் அமர்ந்து புரட்டினோம். இருபத்துமூன்று வேலைகளில் பதினேழு, சுவரடிச் சட்டம், பீடிங், கதவு நிலை, சன்னல் சட்டம் என்பவையாகவே இருந்தன. பெங்களூரில் அடுக்ககங்கள் பெருகிய பின், சமையலறைப் பெட்டிகள் தொழிற்சாலையிலேயே அறுபட்டு வந்துவிடுகின்றன. மனைக்கு வரும் தச்சருக்கு எஞ்சுவது சட்டமும் மூலையும் பொருத்தும் வேலையே. அவ்வேலைக்கு இக்கருவி ஏற்றது என்பது அங்கேயே தெளிவாயிற்று.

பின் அகலத்தைப் பார்த்தோம். பெரும்பாலான துண்டுகள் ஐந்து அங்குல அகலத்திற்கு உட்பட்டவை. பத்து அங்குல வட்டுடைய சறுக்காத வாளே அவற்றை அறுத்துவிடும். ஆனால் மாடிப்படிப் பலகையும், சுவரலமாரித் தட்டும் பதினொன்று, பன்னிரண்டு அங்குலம் வந்தன. நான்கு வேலைகள் அத்தகையவை. சறுக்கும் வசதிக்குப் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை விலை மிகும். அந்நான்கு வேலைகளுக்காக அவ்வளவு கொடுக்கலாமா என்பதே வினா. படிப்பலகை வேலைக்குத்தான் கூலி மிகுதி என்று தந்தை சொன்னதால், கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். அவ்வேலையே இல்லாத குடும்பமாயின், சறுக்காத வாளை வாங்கி மீதத்தைச் சேமிப்பதே அறிவுடைமை.

எட்டரையா, பத்தா, பன்னிரண்டா?

இவ்வாள்கள் வட்டின் விட்டத்தால் பெயர் பெறுகின்றன. எட்டரை அங்குலம், பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்பவை கடையில் மிகுதியாகக் கிடைப்பவை. மகன் பன்னிரண்டையே விரும்பினார்.

“பெரிது வாங்கினால் எதற்கும் ஆகும் அல்லவா, அப்பா?” என்றார்.

இஃது எல்லோருக்கும் தோன்றும் எண்ணமே. ஆனால் சறுக்கும் வாளில் அறுக்கும் அகலத்தைத் தருவது வட்டின் விட்டம் மட்டுமன்று. சறுக்கும் தொலைவும் ஆகும். பத்து அங்குலச் சறுக்குவாள் பலவும் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர், அதாவது பன்னிரண்டு அங்குல அகலத்தை அறுத்துவிடுகின்றன. உயரத்தில் மூன்று அங்குலத் தடிப்புள்ள நிலைச் சட்டத்தையும் அறுக்கின்றன. பன்னிரண்டு அங்குலப் பொறியோ 30 கிலோ அளவிற்குக் கனக்கும். மாற்றுவட்டின் விலையும் கூடுதல். பெரிய வட்டு சிறிதளவு அதிர்ந்தாலும் அதன் தடம் வெட்டுமுகத்தில் தெரியும். நாள்தோறும் ஆட்டோவில் ஏற்றி, மின்தூக்கி இயங்காத புதுக் கட்டடத்தில் நான்கு மாடி சுமப்பவர்க்கு ஒவ்வொரு கிலோவும் ஒரு கணக்கே. இவர்களுக்குப் பத்து அங்குலமே தக்கது என்று கண்டோம்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

எஸ்.ஜே.பி. சாலையிலும் அதனை அடுத்த தெருக்களிலும் கருவிக் கடைகள் அடுத்தடுத்து உள்ளன. அடுத்த சனிக்கிழமை மூவரும் சென்றோம். வண்ணத்தையும் பெயரையும் பார்த்து மயங்காமல் ஐந்து சோதனைகளைச் செய்தோம்.

முதலாவது ஆட்டம். தலையை முழுதும் முன்னிழுத்து, கைப்பிடியைப் பற்றி இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்த்தல் வேண்டும். குழல்களில் ஆட்டம் இருந்தால் அது வெட்டில் வரும்.

இரண்டாவது நேர்மை. அகலமான பலகை ஒன்றை 90 பாகையில் அறுத்து, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டு வெட்டுமுகங்களையும் ஒட்டவைக்க வேண்டும். பிழை இருப்பின் இடைவெளி இருமடங்காகத் தெரியும். பின்தடுப்பைத் திருத்தி அப்பிழையை நீக்க முடிகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இது மயிரிழைப் பேச்சன்று. அரைப் பாகை பிசகினால் பன்னிரண்டு அங்குலப் பலகையில் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர் விலகும். ஏறத்தாழ ஒரு நூல். நான்கு மூலைச் சட்டத்தில் எட்டு வெட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை ஒரே பக்கமாகப் பிசகினால், கடைசி மூலையில் நான்கு பாகை வாய்பிளந்து நிற்கும். அதனை மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பதைத் தந்தை தம் வாழ்நாளில் செய்ததில்லை என்று எமக்குப் பெருமையுடன் கூறினார்.

மூன்றாவது, கோணத் தடங்கள். 0, 15, 22.5, 45 பாகைகளில் சுழல்தட்டு ‘டக்’கென்று பதிந்து நிற்கவேண்டும். 31.6 பாகையில் தடம் இருப்பது, கூரையோர அலங்காரச் சட்டத்தைப் படுக்கவைத்து அறுப்பதற்காக. அப்பொழுது தலையை 33.9 பாகை சாய்க்க வேண்டும். இவ்வேலை செய்யாதவர்க்கு இத்தடம் தேவையில்லை.

நான்காவது, காப்பு மூடியும் நிறுத்தமும். தலையை இறக்கும்பொழுது மூடி தானே விலகவும், ஏற்றும்பொழுது தானே மூடவும் வேண்டும். விசையை விட்டதும் வட்டு சில நொடிகளில் நிற்பதற்கு மின்தடை அமைப்பு உள்ளதா என்று கேட்டறிய வேண்டும்.

ஐந்தாவது, பழுதுபார்க்கும் இடம். கார்பன் பிரஷ், விசை, பட்டை ஆகியவை இந்நகரத்தில் கிடைக்குமா, பழுதுபார்க்கும் நிலையம் எங்குளது, உத்தரவாதம் எத்துணைத் திங்கள் என்பவற்றை ரசீது பெறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஒரு வாரம் கருவி முடங்கினால் ஒரு வாரக் கூலி போயிற்று.

ஒளிக்கோடு காட்டும் லேசரைக் கடைக்காரர் பெரிதும் புகழ்ந்தார். வட்டின் நிழலைப் பலகைமேல் வீழ்த்தும் விளக்கே அதனினும் நம்பத்தக்கது. நிழல் வட்டைவிட்டு விலகாது, லேசர் நாளடைவில் விலகக்கூடும்.

வட்டில் கஞ்சத்தனம் கூடாது

பொறியுடன் வரும் வட்டு பெரும்பாலும் சுமாரானது. நல்ல கார்பைடு வட்டு, நடுத்தரப் பொறியையும் உயர்த்திவிடும். பத்து அங்குல வட்டில், நிலைச் சட்டம் போன்ற முரட்டு வேலைக்கு 40 பற்கள் போதும், பொதுவேலைக்கு 60, வெட்டுமுகம் வழவழப்பாக வேண்டின் 80. சறுக்கும் வாளுக்குப் பற்கள் சற்றே பின்சாய்ந்த வட்டே பாதுகாப்பானது. முன்சாய்வு மிகுந்த பற்கள் மரத்தைக் கவ்வி வட்டைத் தூக்கி எறியப் பார்க்கும். நடுத்துளையின் அளவு 30 மில்லிமீட்டரா, 25.4 மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்க வேண்டும். வட்டின் மேல் பொறித்த சுற்று எண்ணிக்கை, பொறியின் சுற்றைவிடக் குறைவாக இருத்தல் ஆகாது. அலுமினியம் அறுக்க அதற்கென்ற வட்டு உண்டு. இரும்பை இதில் அறுக்கவே கூடாது.

மின்சாரமும் இடமும்

1,800 வாட் பொறி 230 வோல்ட்டில் ஏறத்தாழ எட்டு ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதனினும் மிகுதி. வாடகை வீட்டின் ஆறு ஆம்பியர்த் துளையில் செருகினால் கம்பி சூடேறும். பதினாறு ஆம்பியர்ச் செருகியும், 2.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பியாலான நீட்டிப்பும், சரியான நிலத்தொடர்பும் வேண்டும். குழல்கள் பின்புறம் நீள்வதால் ஏறத்தாழ மூன்றடி ஆழமுள்ள இடமும், நீண்ட பலகையைத் தாங்க இருபுறமும் தாங்கிகளும் தேவை. சந்தில் சுவரோடு சுவராக வாழ்பவர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் உறக்கத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

விரலின் விலை

நிமிடத்திற்கு 4,800 சுற்றுச் சுற்றும் பத்து அங்குல வட்டின் விளிம்பு, மணிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ‘கண்ணிமைப்பதற்குள் கையை எடுத்துவிடுவேன்’ என்பது அவ்வேகத்தின் முன் வெறும் சொல்.

அகலப் பலகையை அறுக்கும் முறை இது: பலகையைப் பின்தடுப்போடு ஒட்டிக் கிளாம்பால் இறுக்குக. தலையை முன்னிழுத்துக்கொள்க. விசையை அழுத்தி, வட்டு முழு வேகம் பெற்றபின் கீழே இறக்குக. பின் முன்னிருந்து பின்னோக்கித் தள்ளி அறுக்குக. தன்னை நோக்கி இழுத்து அறுத்தால் வட்டு பலகைமேல் ஏறி ஆளை நோக்கிப் பாயும். அறுத்து முடிந்ததும் விசையை விட்டு, வட்டு முற்றும் நின்றபிறகே தலையை உயர்த்துக. கைகள் வட்டிலிருந்து ஆறு அங்குலமேனும் விலகியிருக்கட்டும். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடித்தல் ஆகாது. சிறு துண்டைக் கையால் பிடித்தல் அறவே ஆகாது. காப்பு மூடியைக் கயிற்றால் கட்டி வைப்பவரோடு சேர்ந்து வேலை செய்யாதீர்கள்.

விரலுக்கு அடுத்தபடி செவியும் மூச்சும். இவ்வாளின் ஓசை 100 டெசிபெல் அளவை எட்டும். செவிக்காப்பின்றி அவ்வோசையை நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடத்திற்கு மேல் கேட்பது கேடு. மரத்தூளை உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. தூள் உறிஞ்சியும் முகக்காப்பும் ஆடம்பரம் அல்ல.

இத்துணையும் மீறி விரல் துண்டிக்கப்பட்டால் பதறாதீர்கள். காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். துண்டித்த விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத நெகிழிப் பையில் இட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். விரலை நேரே பனிக்கட்டியில் இடாதீர்கள். நுண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைந்து சென்றால் விரலை மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. இதைக் கேட்ட தந்தை, தம் விரலைச் சிறிது நேரம் பார்த்தவாறு இருந்தார்.

“அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை, ஐயா. துண்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டோம்” என்றார்.

பயிற்சியும் பணமும்

மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், தன் மேம்பட்ட மரவேலைப் பயிற்சி மையத்தில் இயந்திரங்களைக் கையாளும் பயிற்சிகளை அளிக்கிறது. தொழில் தெரிந்தவர்க்கும் அங்குக் கற்க உண்டு.

நடுவண் அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் தொடங்கிய பிரதமர் விசுவகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களில் தச்சுத் தொழிலும் ஒன்று. 5 முதல் 7 நாள் வரை அடிப்படைப் பயிற்சியும், நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகையும், கருவிகளுக்கென ரூ.15,000 வரை மின்சீட்டும் இதில் உண்டு. பிணையின்றி ஐந்து விழுக்காட்டு வட்டியில் முதலில் ஒரு லட்சம், அதனை முறையாகத் தீர்த்தபின் இரண்டு லட்சம் எனக் கடனும் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவரே பயன்பெறலாம். ஆதார் அட்டையுடனும் குடும்ப அட்டையுடனும் பொதுச் சேவை மையத்தில் பதியலாம். ‘ஊர் மாறி வந்தவர்க்கு இவை கிட்டா’ என்று நம்மவர் தாமே முடிவு கட்டிவிடுவது வழக்கம். கேட்டுப் பார்த்தபின் முடிவு கட்டுவோமாக.

முடிவு

கல்லூரிக் கட்டணத்தை முதலில் கட்டிவிட வேண்டும் என்பது தந்தையின் உறுதி. கட்டி, ரசீதையும் வாங்கினர். எஞ்சிய பணம் பன்னிரண்டு அங்குல வாளுக்குப் போதவில்லை. பத்து அங்குலச் சறுக்குவாளுக்கும், அறுபது பல் வட்டு ஒன்றுக்கும், இரண்டு கிளாம்புகளுக்கும், செவிக்காப்புகளுக்கும் போதியது. மகனுக்கு முதலில் சிறு மனக்குறை. கருவியைத் தோளில் வைத்து மூன்றாம் மாடி ஏறிய அன்றே அது தீர்ந்தது என்று அவரே கூறினார்.

முதல் நாள் தந்தை ஒரு சிறு சட்டத்திற்கு எட்டு வெட்டுகள் அறுத்தார். கிளாம்பு இறுக்காமல் ஒன்றும் அறுக்கவில்லை. நான்கு துண்டுகளையும் பசையின்றிச் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எந்த மூலையிலும் ஒளி கசியவில்லை.

“கை வாளில் இதற்கு அரை நாள் ஆகும். இது கால் மணிதான். மிச்ச நேரத்தில் இழைப்பதை நன்றாக இழைக்கலாம்” என்றார்.

ஔவையார் கண்ட தச்சனின் உள்ளம் இதுவே. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தை வேலையின் செம்மைக்கே திருப்பித் தருபவன் நல்ல தொழிலாளி. கருவி வாங்க எண்ணும் அன்பர்கள் முதலில் தம் குறிப்பேட்டைப் புரட்டுக. பின் கடைக்குச் செல்க. வாங்கிய பின், பத்து விரல்களோடும் மாலையில் வீடு திரும்புக.